இரவு டேட்டா

பன்னிரண்டு அடித்தால்தான் திறக்கும் அந்தக் கதவு.
பகலுக்கு ஒரு ஜீபி, இரவுக்கு நாலு.
மலிவுக் கார்ட்டின் கணக்கு அப்படி.

எனக்கு அது தெரியாது.
உவர்மலையில் என் வீட்டுச் சுவரில்
ரவுட்டரின் பச்சை விளக்கு ஓயாமல் சிமிட்டும்.
துறைமுகத்தில் கப்பல் ஊதினால்
பாடத்தை ஒரு நொடி நிறுத்துவேன்.
அவ்வளவுதான் எனக்கிருந்த தடங்கல்.

காலை எட்டு மணி. தரம் பத்து, கணிதம்.
இடாப்பில் முப்பத்தொரு பேர்
திரையில் ஒன்பது சதுரம்
அதிலும் இரண்டில் கூரைத் தகரம் மட்டும்
ஒன்றில் யாரோ தேங்காய் திருவுகிறார்கள்.
இருபத்திரண்டு பெயருக்கு நேரே
பூச்சியம் பூச்சியமாகப் போட்டுக்கொண்டு போனேன்.
கணித ரீச்சருக்குப் பூச்சியம் கைவந்த எழுத்து.

மிதுஷிகாவின் விடைகள் வந்தது
இரவு ஒன்று ஐம்பத்திரண்டுக்கு.
மறுகிழமை இரண்டு பதினேழுக்கு.
மங்கிய படம், மூலையில் ஒரு பெருவிரல்
தாளின் மறுபக்கத்து எழுத்து ஊறித் தெரிந்தது.
வட்ஸ்அப்பில் எழுதினேன்:
"இந்த நேரத்தில் போனோடு என்ன வேலை பிள்ளைக்கு?"
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பதில் விழவில்லை.
பிந்தியதற்கு ஐந்து புள்ளி கழித்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று
பாலம் பாலமாகத் தாண்டி பஸ்ஸில் போனேன்.
மூதூரில் மாறி, கட்டைபறிச்சானில் இறங்கியபோது
சேலைக் கரையெல்லாம் புழுதி.
வகுப்பில் திறன்பலகை ஒன்று தொங்கியது
அன்பளித்தவர் பெயர் பித்தளையில்.
பிளக் பொயின்ற் இன்னும் வரவில்லை என்றார் அதிபர்.
பொலித்தீன் நடுவில் கிழிந்திருந்த இடத்தில்
குனிந்து ரிபன் கட்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
அந்தக் கறுப்புக் கண்ணாடி
இதுவரை கற்றுக்கொடுத்தது அவ்வளவு.

ரிபனை முடிந்துவிட்டுத் திரும்பினாள்.
"ரீச்சர், நான்தான் மிதுஷிகா."

"பகல்ல போன் ஆத்தில ரீச்சர்."
விழுந்துவிட்டதா என்று பதறினேன்.
சிரித்தாள்.
"அப்பாட சட்டப்பையில. மண் ட்ரக்டர்.
லோட்டுக்குக் கோல் வரும்.
ராவில வந்தா முதல்ல தம்பி, அவனுக்குப் புலமைப்பரிசில்.
பிறகு அக்கா.
பிறகு நான்.
ஸ்பீக்கருக்க மண் ரீச்சர்
நீங்க கதைக்கிறது நற நற எண்டுதான் கேக்கும்."

வீடியோவில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்குமாம்.
அந்த நேரத்தில் இரண்டு கணக்குச் செய்வாளாம்.
தாள்களைத் தூக்கிக் காட்டினாள்.
ஒரு பக்கம் இருபடிச் சமன்பாடு
மறுபக்கம் மண் ஏற்றிய பற்றுச்சீட்டு
ஒன்றரைக் கியூப், கடன்.
விடைகள் எல்லாம் சரி.
எட்டாம் கணக்கில் மட்டும்
நான் காட்டியதைவிடச் சுருக்கமான வழி.

"அப்ப அந்த அஞ்சு புள்ளி, ரீச்சர்?"

கெஞ்சவில்லை.
மிச்சக் காசு கேட்கிற குரல்.

புள்ளிகள் இணையத்தில் ஏற்றியாயிற்று.
அலுவலகக் கணினியில் அவள் பெயரைத் தொட்டேன்.
திருத்துவதற்கான காலம் முடிவடைந்துவிட்டது
என்றது திரை, மிக நல்ல தமிழில்.

அன்றிரவு ரவுட்டரை அணைத்தேன்.
சந்திக் கடையில் வாங்கிய கார்ட்டைச் சுரண்டி
பன்னிரண்டு மட்டும் விழித்திருந்தேன்.
கண் எரிந்தது. நாளைக்கு முதற்பாடம் எனக்கு.
என் பாடத்தை நானே திறந்தேன்.

வட்டம் சுற்றியது.
ஒரு பாதி முகம் வந்தது, சதுரம் சதுரமாக.
வெண்பலகையில் நான் எழுதியதைத்
தலையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.
நகரும்படி எனக்கு நானே சொன்னேன்.
பிறகு ஒரு குரல், வாயசைவுக்கு முந்தி:
விளங்குதா பிள்ளையள்?

வாய் திறந்தபடி உறைந்துபோனேன்.

ஒன்று ஐம்பத்திரண்டு.
பக்கத்தில் தாள் இருந்தது.
எட்டாம் கணக்கை
அவள் வழியில் செய்துபார்க்கத் தொடங்கினேன்.