தடை

தடைக்காலத்தின் பதினெட்டாம் நாள்.
தங்கச்சிமடத்துக் கரையில் விசைப்படகுகள்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன.
பகலெல்லாம் நான் இன்ஜின்களைப் பிரித்துப்போட்டுக் கழுவுகிறேன்.
ராத்திரி வேலை இல்லை என்று யார் சொன்னது?

மச்சான் இன்னாசி
மாற்றலாகிப் போகிற பேங்க் மேனேஜரிடம்
டவர் ஸ்பீக்கர் இரண்டு வாங்கிவிட்டான்.
கருவாட்டு வண்டியில், பாய் சுற்றி,
ராமநாதபுரத்திலிருந்து நின்றபடியே வந்தன இரண்டும்.
இறக்கிவைத்தால் அவன் மகள் உயரம்.
மூன்று நாளாகியும் துணித்திரையில் நெத்திலி வாசம்.

ரிசீவர், போன கிறிஸ்துமஸுக்குத் தவணையில் எடுத்தது.
அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ஆயிரம் வாட்.
சொன்னேன்: மச்சான், இது ஐஸோடு நிறுத்த மீன்.
ஐஸ் உருகட்டும், அப்புறம் எடை பார்.
கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில்,
உருகிக் கிடந்தது:
இரண்டு சேனல் ஓடினால், எட்டு ஓமில், அறுபது.

ஸ்பீக்கர் முதுகில் நாலு ஓம்.

“ஓம்னா தடைதானே, குறைஞ்சா நல்லதுதானே” என்றான்
பதினெட்டு நாளாய்க் கடலுக்குப் போகாதவன்.
எப்படிச் சொல்வது?
தடை குறைந்தது கேட்டுக்கொண்டே இருக்கும்,
கொடு, இன்னும் கொடு, இன்னும்.
கொடுக்கிற பக்கம் சூடேறும்.
நான் சொன்னது ரிசீவரைத்தான்.
அவன் ஏனோ சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தான்.

ஞாயிறு பூசை முடிந்து பாதித் தெரு வந்து உட்கார்ந்தது.
புயல் வருகிற படம்.
திருகினான், திருகினான்,
அறுபதைத் தாண்டியதும் இடி கிழிசலாக வந்தது.
வலுவில்லாதது கத்தினால் அப்படித்தான்.
அலையின் உச்சியை அரிவாளால் சீவிவிட்டு
மொட்டை அலையாக அனுப்பும்.
அந்த மொட்டையில்தான் ட்வீட்டர் கருகும்.
நல்லவேளை, அதற்குள் உள்ளே ‘டக்’கென்று ஒரு ரிலே.
திரையில் மட்டும் சத்தமில்லாமல் மழை.
தங்கச்சி ரோசாலி ரிசீவர் தலையில் புறங்கை வைத்தாள்.
“காய்ச்ச அடிக்குது” என்றாள்,
அழகுக்குப் போட்டிருந்த பூத்துண்டை உருவி எடுத்தாள்.

“விரலுக்குத் தக்க வீக்கம்” என்றார் சந்தியாகு, எழுந்து போகும்போது.
பெரிய ஆம்ப்ளிஃபயராப் பாரு என்றான் இன்னொருத்தன்.
பார்க்கலாம்.
ஜூன் பதினைந்து வர வேண்டும், வலையில் ஏதாவது விழ வேண்டும்.

அதுவரைக்கும்?
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒயர் முனைகளில்
உப்புப் பச்சையைச் சுரண்டினேன்.
மெனுவில் ‘முன் ஸ்பீக்கர்: பெரியது’ என்றிருந்ததைச்
‘சிறியது’ என்று மாற்றினேன்.
இன்னாசி முகம் சுண்டிப்போனது.
“நாலடி நிக்குது. எப்படி மச்சான் சின்னது?”
எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனமெல்லாம்
மூலையில் கிடந்த சப்வூஃபருக்குப் போனது.
அதற்குத் தனி பிளக், தனி ஆம்ப்.
வலை இழுக்க இன்னொரு ஆள் வந்த மாதிரி.

இன்னொன்றும் சொன்னேன், அவன் நம்பவில்லை.
நாம் பேசுகிற அளவு சத்தத்துக்கு ஒரு வாட்கூட ஆகாது.
மூன்றே மூன்று டெசிபல் கூட்ட, வாட்டை இரட்டிக்க வேண்டும்.
உனக்குத் தெரியாததா,
கடைசி ஒரு மைல் வேகத்துக்குத்தான் பாதி டேங்க் டீசல்.

எல்லோரும் போனபின் முப்பதில் வைத்தோம்.
அதே புயல்.
இடிக்கு முன்னால்
பலகையோடு பலகை உரசியது,
கயிறு எங்கோ முறுகியது.
படத்தில் அது இருந்ததே இதுவரை தெரியாது.

இன்னாசி சட்டென்று எழுந்து செருப்பை மாட்டினான்.
கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான்,
உள்ளங்கையில் ஈரக் கயிற்றின் தும்பு.
“காத்தே இல்ல” என்றான்.
பிறகு, “விட்ட எடத்துலருந்து போடு.”