எட்டாம் கேள்வி

இரவில் ஒரு தீவை உண்டாக்கிக்கொண்டிருந்தேன்.
பகலில் இன்னொரு தீவில் தலைகளை எண்ணினேன்.

நோட்டுப் புத்தகத்துத் தீவில் மூன்று இனங்கள்.
கரையோரத்தார் நீலம் உடுத்துவார்கள்,
பொய் சொல்லமாட்டார்கள்.
மேட்டார் சிவப்பு. முன்கோபம். தேன் எடுப்பார்கள்.
மூன்றாமவர்களுக்கு உயரமான தொப்பி கொடுத்திருந்தேன்,
வேறெதுவும் தோன்றவில்லை.
ஆளுக்கொரு கடவுள், ஒரு பண்டிகை, ஒரு பலகாரம்.
பந்தியில் இலை போட்டதுபோல்
ஒன்றையொன்று தொடாமல்.

பகலில் சிலோயே. மழை.
பிளாஸ்டிக் உறைக்குள் கணக்கெடுப்புப் படிவம்.
கழுத்து அட்டையில் ஒத்திலியா பாரியா.
அம்மா வழிப் பெயருக்கு
அட்டையில் இடம் போதவில்லை.

கேயோனுக்குத் தெற்கே, சேற்றுக்குள் கால் புதைந்த வீடு.
விறகடுப்பைச் சுற்றி இரண்டு பேர்
கிழங்கு துருவிக்கொண்டிருந்தார்கள்.
கோலிவோரோ சகோதரர்கள். கடலில் சிப்பி வளர்ப்பவர்கள்.
ஒரே தாய். ஒரே மூக்கு. ஒரே துருவலில்
இருவர் விரல் இரத்தமும் கொஞ்சம்.

எட்டாம் கேள்வி:
பூர்வகுடி எதையாவது சேர்ந்தவராக
உங்களைக் கருதுகிறீர்களா?

"ஆமா. வில்லிச்சே" என்றார் எலியெசெர்.
"இல்ல" என்றார் பௌஸ்தினோ.

"போன தடவை நீ ஆமான்னு சொன்னியே."
"போன தடவை நீ இல்லைன்னு சொன்னே."
துருவல் நிற்கவில்லை.
"அப்போ நிலத்துக்குக் கேஸ் நடந்துச்சு."
"இப்போ மட்டும் என்ன நடக்குதாம்?"

எலியெசெரின் மனைவி வடக்கத்திக்காரி,
இருபத்தாறு வருடமாக வடக்கத்திக்காரி.
"ரெண்டு பேருக்கும் சேர்த்து
ஒரு ஆமா போட்டுக்கம்மா,
அடுப்பு அணையுது" என்றாள்.
மேல்மாடத்திலிருந்து ஒரு பெண் குரல்:
"என்னைக் கேட்கவே இல்ல."
கேட்டேன்.
கொஞ்ச நேரம் கூரையில் மழை மட்டும்.
"இப்போ எழுதாதீங்க. யோசிச்சுச் சொல்றேன்."

அன்றிரவு நோட்டைத் திறந்தால்
கரையோரத்தான் ஒருவன் பழுப்புச் சட்டையில் நின்றான்.
நீலம் எங்கே என்றேன்.
"துவைச்சுப் போட்டிருக்கு."
பொய்.
அவன் பொய் சொன்னதும்தான்
அவனுக்கு ஒரு முகம் வந்தது.

மேட்டிலிருந்து ஒருத்தி இறங்கிவந்து சண்டை பிடித்தாள்.
மேட்டார் என்பது கீழே இருப்பவர்கள் வைத்த பெயராம்,
அதைச் சந்தையில் சொன்னால் அடி விழுமாம்.
உங்களுக்குள் உங்களுக்கு என்ன பெயர்?
"நாங்கள்" என்றாள்.
கேட்பவரைச் சேர்க்கும் நாம் அல்ல.
அவர்களை உண்டாக்கிய என்னை
வாசலிலேயே நிறுத்திவிட்ட
நாங்கள்.
இப்படி ஒரு சொல்
என் ஸ்பானியத்தில் எனக்கு அகப்பட்டதே இல்லை.

தொப்பிக்காரர்களிடம் தயங்கித்தான் போனேன்.
வரிக்காரன் தலை எண்ண வந்தபோது
ஒரு தொப்பிக்குள் குழந்தையை ஒளித்தார்களாம்,
அதிலிருந்து வந்த வழக்கமாம்.
அதெல்லாம் கதை, மொத்தமாக வாங்கினால் மலிவு
என்றார் பக்கத்தில் இருந்தவர்.
இருவரும் தொப்பியைக் கழற்றி ஒருவரையொருவர் விசிறினார்கள்.
எதை எழுதுவது? இரண்டையும் எழுதினேன்,
அந்தச் சண்டையையும்.

பலகாரங்களை மட்டும் என்னால் பிரிக்க முடியவில்லை.
மூன்று இனமும் அதே கிழங்கு அடையைத்தான் சுட்டது.
மூன்றும் சத்தியம் செய்தது
மற்ற இரண்டுக்கும் உப்புப் போடத் தெரியாதென்று.

திங்கட்கிழமை மேலதிகாரி படிவத்தைத் திருப்பி அனுப்பினார்.
கோலிவோரோ வீட்டைச் சுற்றிப் பென்சிலில் வட்டம்:
ஒரே வீட்டில் ஆமாம், இல்லை, காலி.
பிழையா?
பிழையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்,
இந்த முறை முழுப் பெயரையும்:
ஒத்திலியா பாரியா குவென்தேயோ.

பையில் கடைசியாக ஒரு படிவம் மிஞ்சியிருக்கிறது,
என் வீட்டுடையது.
ஏழு கேள்விகள்வரை நிரப்பிவிட்டேன்.