கழித்தல் கணக்கு

நிஸ்த்ரு ஆற்றில் பனிப்பாளம் உடைகிற வாரம்.
கலாச்சார மன்றத்துச் சுவரில்
எங்கள் பள்ளியின் கணக்கை ஒட்டினேன்.
பதினொரு தாள். பசை போதவில்லை,
கடைசித் தாளுக்கு மாவைக் கரைத்தேன்.

விறகு வாங்கியது நாற்பது டன்.
கொட்டகைக்கு வந்தது இருபத்தாறு.
ஜனவரி முழுக்கப் பிள்ளைகளின் கையெழுத்து
ஏன் நடுங்கியது என்று
ரொட்டிக்கடை பராஸ்கோவியாவுக்கு இப்போதுதான் விளங்கியது.
உரக்கவே சொன்னாள்.

மேயர் கோஜோகரு என்னை ஓரமாக அழைத்தார்:
"இதெல்லாம் அந்தரங்கம் இல்லையா, ருக்சாந்தா?"
விறகுக்கு ஏது அந்தரங்கம்!
முழுப் பூசணிக்காயை மறைக்க
அவருக்குச் சோறு வேண்டியிருந்தது.
நான் பரிமாறவில்லை.

ஆனால் நானும் ஒன்றை மறைத்திருந்தேன்.
ஏழாம் தாள்:
தாய் தகப்பன் இருவருமே வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள்,
வகுப்புவாரியாக.
மதியச் சாப்பாட்டுப் பணம் இந்தத் தலைக்கணக்கில்தான் வருகிறது,
ஊர் பார்க்கத்தான் வேண்டும்.
ஐந்தாம் வகுப்பில் எட்டு, ஆறில் ஆறு,
எட்டில் ஒன்பது, ஒன்பதில் ஏழு.
ஏழாம் வகுப்பில் மட்டும் எண் இல்லை,
ஒரு நட்சத்திரக் குறி.
கீழே, பழக்க தோஷத்தில்,
மொத்தம் முப்பத்தொன்று.

ஸாஹாரியா விரலை வைத்துக்கொண்டு நின்றான்.
உதடு அசைந்தது.
"முப்பதுதான் வருது, மேடம்.
மிச்சம் ஒண்ணு.
அது நான்தானே?"

அம்மா பொலோன்யாவில் யாருக்கோ படுக்கை விரிக்கிறாள்.
அப்பா லாரியில், எந்த நாடென்று வாரம்தோறும் மாறும்.
கழுத்துக் கயிற்றில் சாவி.
பின்னால், வெளியூர் வண்டியில் வந்த ஒருவர்
தாள்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.
பத்திரிகைக்காரராக இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.
அவர் ஐந்தாம் தாளில் இருக்கும்போதே
ஏழாவதைக் கிழித்தேன்.

இரவு திரும்ப எழுதினேன்.
ஆறாம் வகுப்புக்கும் நட்சத்திரம்.
மறுநாள் காலை அந்த வகுப்பு அம்மா ஒருத்தியின் பெரியம்மா,
பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள், சண்டைக்கு வந்தாள்:
"எங்க ஆறு பேரை ஏன் அழிச்சே?
அவங்களுக்குப் பசிக்காதா?"
அழிக்கவில்லை, கீழே மொத்தத்தில் இருக்கிறார்கள்,
ஒருவனுக்கு முன்னால் நிற்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன்.
யார் அந்த ஒருவன் என்றாள்.
சொல்லவில்லை.
கோபமாகவே போனாள்.

ஸாஹாரியா மறுபடி கூட்டினான், கழித்தான்.
"ஏழு வருது. ரெண்டு வகுப்புக்கும் சேர்த்து.
இதுல நான் எங்கேன்னு
எனக்கே தெரியல."
சற்று ஏமாந்தவன் போலிருந்தான்.
பிறகு முதல் தாளுக்குப் போனான்.
"விறகுல பதினாலு குறையுது.
அதுக்கும் நட்சத்திரம் போடுவீங்களா?"

பேனாவைக் கொடுத்தேன்.
சுவர் குளிரில் மை சரியாக இறங்கவில்லை.
ஊதி ஊதி எழுதினான், 14,
வகுப்பில் விடைக்கு அடியில் போடுவதுபோல்
இரண்டு கோடு போட்டான்.