பத்துக் கட்டம்

மத்தியானம் ஏதோ ஒரு ஆசையில்
எல்லாவற்றையும் புதுப்பி என்று கொடுத்துவிட்டேன்.
கருங்கலில் அப்போது மழை இல்லை.

பழைய எழுத்துரு போய்விட்டது, புதியது வரவில்லை;
நடுவழியில் டவர் படுத்துக்கொண்டது.

ரெஜின் வந்து நிற்கிறான், நனைந்த கைலியோடு.
அப்பா இறந்து நாலு மணி நேரம்.
காலையில் அடக்கம்,
போஸ்டர் ராத்திரியே ஒட்டணும்.

ஞானசிகாமணி என்று அடிக்கிறேன்.
திரையில் பத்துக் கட்டம்.
"ஆறெழுத்துதானே அண்ணே?"
துணைக்காலுக்கும் தனிப்பெட்டி போடுகிறது லினக்ஸ்.
மனுசனுக்கு ஒரு பெட்டி, பெயருக்குப் பத்து.
சொல்லவில்லை, நினைத்தேன்.

எழுத்துருவை மட்டும் கொடு என்றால்
பாதியில் விட்டதை முதலில் முடி என்கிறது.
முந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி.
நொடிக்கு ஒன்பது கேபி.
மீதம் ஒன்பது மணி நேரம் என்றது,
பிறகு பதினாலு,
பிறகு நேரமே சொல்லவில்லை.

என் போனைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு
ரெஜின் ரோட்டோரம் போய் நின்றான்.
ஒரு புள்ளி ஏறியது. இறங்கியது.

வெட்டூர்ணிமடத்தில் பினோ வீட்டில் கேபிள் உண்டு.
மொத்தத்தையும் பென்டிரைவில் இறக்கி
கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டான்.
திங்கள்நகரில் நின்று, டீ குடித்து,
ஒன்றேகால் மணி நேரத்தில்
வந்து சேர்ந்தது முந்நூறு எம்பி.
இங்கே அப்போது ஏழு சதவீதம்.

கட்டங்கள் உடைந்து
ஞானசிகாமணி எழுந்து நின்றார்.

ரெஜின் வெகுநேரம் பார்த்தான்.
"வயசு எழுபத்தொண்ணு, அண்ணே.
ரெண்டு இல்ல."