ஓடத்துறை நகர், மூன்றாம் குறுக்குத் தெரு

பெயரில் ஓடம் இருக்கிறது, துறை இருக்கிறது.
ஆறு மட்டும் அரசலாறாகி
ஒண்ணரை மைல் தெற்கே தள்ளி ஓடுகிறது,
அதுவும் மேட்டூர் திறந்தால்.

நான் கைபோர் போடுகிறவன்.
இந்தத் தெருவில் இது பதினோராவது குழி.
மேலே நாலு தடவை போட்ட தார்;
ரோடு ஏற ஏற வாசல்கள் பள்ளமாகிவிட்டன.
தாருக்குக் கீழே கப்பி,
அதற்கும் கீழே அரிசி மில்லின் உமிக்கரி.
மில்லை இடித்து மனை பிரித்த வருடம்
தாவூது ராவுத்தர்
சென்ட் எண்ணூறுக்குக் கொடுத்தாராம்.
வாங்கியவர்களில் பாதிப்பேர் ரயில்வே,
மீதி சிங்கப்பூர்ப் பணம்.

பதினெட்டு அடியில் களி, பைப்பை விடமாட்டேன் என்கிறது.
முப்பதில் மணல்.
உள்ளங்கையில் வைத்தால் தெரியும், ஆற்று மணல்,
குறுணை மாதிரி, அரித்தெடுத்த சுத்தம்.
கூடவே நத்தைக்கூடு.
பிறகு சேற்றோடு ஒரு ஆணி:
விரல் நீளம், சப்பைத் தலை, பச்சை பூத்த செம்பு.

பலகை வரவில்லை.
பைப்பின் வாய் நாலு இஞ்ச்.
அதில் ஓடம் வருமா?

வீட்டுக்கார லூர்துமேரி கேட்டது
தண்ணி நல்லதா என்று மட்டும்.
பக்கத்து மனை கோதண்டபாணி கேட்டது
குழி தன் எல்லைக்குள் ஒரு சாண் வந்துவிட்டதா என்று.
டேப் பிடித்துக் காட்டினேன்.
நாங்கள் மூவரும் நின்றது
கரையிலா நடு ஆற்றிலா,
அதற்கு டேப் இல்லை.

தண்ணீரில் இரும்பு வாடை. குளிக்கலாம்.
ரசீதில் முகவரி எழுதும்போது
முதல் சொல்லில் பேனா கொஞ்சம் நின்றது.
வேட்டி மடிப்பில் ஆணி
பஸ் ஸ்டாண்டு வரை குத்திக்கொண்டே வந்தது.