மிச்சக் காசு

கோண்டாவில் சந்தி தாண்டி
ரயர்க் கடைக்குப் பக்கத்துச் சலூன்.
கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது:
பெரியாக்கள் அறுநூறு, சின்னாக்கள் நானூறு.
தலை சின்னனெண்டால் விலையும் சின்னன்.
இந்தக் கணக்கைப் போட்டவர்
நாலு வயதுத் தலை ஒன்றை
ஒருநாளும் பிடித்துப் பார்க்காதவர்.

கதிரைக் கைகளுக்குக் குறுக்கே பலகை,
பலகையில் மிதுரன்,
கழுத்தைச் சுற்றி நீலத் துணி.
மெசின் உறுமினதும் வாயைத் திறந்தவன்தான்,
வீதியால் போன மினிபஸ்ஸின் ஹோர்ன்கூட
எனக்குக் கேட்கவில்லை.
போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன்.
அதில் ஒரு கரடிக்குட்டி சைக்கிள் ஓடுகிறது, பார்க்க ஆளில்லாமல்.
வாங்கில் காத்திருக்கும் மூன்று ஆம்பிளைகள்
நேற்றைய பேப்பரை
இன்னொருக்கால் வாசிக்கிறார்கள்.

தவசீலன் ஒரு மயிரிழையும் அவசரப்படவில்லை.
மெசினை நிற்பாட்டிக் கத்தரிக்கோலை எடுத்தார்.
ஒரு வெட்டு, ஒரு கதை,
ஒரு வெட்டு,
"எறும்பொண்டு ஓடுது தம்பி, ஆடாதை, பிடிச்சுத் தாறன்."
எறும்பு பிடிக்கப் போன பெருவிரலை
என் பிள்ளை கடித்துவிட்டான்.
முன்பல் நாலும் பதிந்தது.
"நாய் கடிச்சாத்தான் அக்கா ஊசி" என்றார்,
விரலை உதறிக்கொண்டு.

நாற்பது நிமிடம்.
பெரிய தலையென்றால் இரண்டு முடிந்திருக்கும்.

பேர்ஸில் ஐந்நூறு ஒன்று, நூறு இரண்டு.
ஐந்நூறைக் கொடுத்து மிச்சத்தை விடலாம்.
ஸ்காபரோவிலிருந்து தங்கச்சி ஒருமுறை சொன்னவள்,
"இஞ்ச இருபது வீதம், பிள்ளை அழுதால் இருபத்தைஞ்சு."
நானூறில் இருபத்தைந்து வீதம், நூறு. சரி.
கடித்தால் எத்தனை என்று
அவள் சொல்லவில்லை.
குறைத்தால் கை கூசுது.
கூட்டினால், வெளிநாட்டுக் காசில் பவுசு காட்டிறாள்
எண்டு அந்த வாங்கு நினைக்கும்.
யோசித்து யோசித்து அறுநூறை மடித்தேன்,
பெரியாக்களின் விலை.

நீட்டினேன்.
கடிபட்ட விரலைக் கழுவிக்கொண்டிருந்தார்,
இரண்டு கையிலும் சவர்க்கார நுரை.
"மேசையில வையுங்கோ அக்கா."

மேசையில் இடமிருந்தது,
பவுடர் டப்பாவுக்கும் சீப்புகளுக்கும் நடுவில்.
வைத்திருக்கலாம்.

எங்கள் வளவில் ஒருகாலம்
தலைமயிர் வெட்ட வந்தவரின் கையில்
காசு கொடுக்கிறதில்லை.
நிலத்தில் வைப்பார்கள்,
இல்லையெண்டால் ஒரு முழம் மேலேயிருந்து விடுவார்கள்.
வந்தவருக்கு அறுபது வயது.
அவரை 'நீ' என்று கூப்பிட்ட பிள்ளைக்கு ஆறு.
அந்தப் பிள்ளை என் அப்பா.
பகிடியாய்த்தான் சொன்னவர்.
நாங்களும் சிரித்தனாங்கள்.

தவசீலனுக்குக் கை ஈரம், அவ்வளவுதான்.
இதெல்லாம் அவர் யோசித்திருக்கமாட்டார்.
யோசித்திருப்பாரோ,
எனக்கெப்படித் தெரியும்.
தாளை நீட்டியபடியே நிற்கிறேன்,
மின்விசிறிக் காற்றில் அது படபடக்கிறது.
வாங்கில் ஒருவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

தவசீலன் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்,
துவாயை எடுத்தார்.
விரல் விரலாய்த் துடைத்தார், கடிபட்டதைக் கடைசியாய்.
வாங்கினார்.
"கூட இருக்கு. சின்னாக்களுக்கு நானூறு."
"உங்களைக் கடிச்சவன் சின்னாளில்லை."
சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.
லாச்சி திறந்து மூடியது.
"அடுத்த ஆள் வாங்கோ."

மிச்சம் நூறு. ஓட்டோவுக்குக் காணாது.
நடக்கிறோம்.
பிடரியைச் சொறிந்து சொறிந்து வந்தவன்
ரயர்க் கடையடியில் நின்று கேட்கிறான்:
"அம்மா, அவரெல்லோ என்ர மயிரை எடுத்தவர்,
அவரெல்லோ எங்களுக்குக் காசு தரவேணும்?"

வெயில்.
வெட்டின தலையில் காதுகள் இரண்டும்
காலையில் இருந்ததைவிடப் பெரிது.