நாற்பத்தொரு விக்கல்

பார்சல் ஆபீஸ் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.
நெல்பேட்டையில் விடியாத ஐந்தேகால்.
கருவாட்டு மூட்டைகளுக்கும்
சைக்கிள் டியூப் கட்டுகளுக்கும் நடுவே
எங்கள் பெட்டி இருக்கிறதா என்று
குனிந்து குனிந்து பார்த்தோம் ஐந்து பேர்.

பதினோரு வருஷம்.
ஒன்பதாம் பாகம் வந்தபோது
ஜெசிந்தா நர்ஸிங் முதலாம் ஆண்டு.
துளசிராமுக்கு முன்மண்டையில் முடி இருந்தது.
சிக்கந்தர் பஞ்சர் கடையில் எடுபிடி;
இப்போது கடையே அவனுடையது.
பெயர்ப்பலகை மூலையில் சின்னதாக
அந்தத் தகர மூஞ்சியை வரைந்து வைத்திருக்கிறான்.
டயர் கம்பெனி முத்திரை என்று நினைக்கிறது ஊர்.

ஜப்பானில் அதற்கு ஏதோ நீளப் பெயர்.
தமிழில் படித்த நாளிலிருந்து
எங்களுக்கு விக்கலார்.
போருக்கென்று செய்த ரோபோ.
சுடு என்று உத்தரவு வந்தால் விக்கல் வந்துவிடும்.
குண்டு போய் விழுவது
தளபதியின் தொப்பியில், சூப் கிண்ணத்தில்,
ஒருமுறை நிலாவில்.
அவ்வளவுதான் கதை.
இதுக்கா இத்தனை பாடு என்பாள் என் மனைவி.
பதில் சொல்ல வராது, சிரித்துவிடுவேன்.

இதோ அதோ என்று
பதிப்பாளர் இரண்டு முறை கடையை மூடினார்.
முன்பணம் கட்டிய ரசீது
ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடிந்து
எழுத்தெல்லாம் போய்
தொகை மட்டும் மிச்சம்: நூற்றிருபது.

புத்தகத்துக்கு முன்னால் வந்துவிட்டன விமர்சனங்கள்.
கோடுகள் சோர்ந்திருக்கின்றன என்றார் ஒருவர்.
பழைய சிரிப்பைச் சுடவைத்திருக்கிறார்கள் என்றார் இன்னொருவர்.
மூன்றாவது ஆள் உட்கார்ந்து எண்ணியேவிட்டார்:
முதல் பாகத்தில் விக்கல் மூன்று,
இதில் நாற்பத்தொன்று.
ஐந்துக்கு இரண்டரை.

"அந்த அரை யாருக்காம், பைண்டிங்குக்கா?"
இது சிக்கந்தர்.

அவனியாபுரம் தாண்டி ஏர்போர்ட் வாசலில்
துபாயிலிருந்து வரும் அண்ணனுக்கு
யாராவது மார்க் போடுகிறோமா?
தொப்பை விழுந்திருக்கும்.
போனமுறை சொன்ன ஜோக்கையே சொல்லுவான்.
கொண்டுவந்த சென்ட் நாலு நாள் வராது.
மாலையைப் போட்டுத்தானே கூட்டிவருகிறோம்.

பெட்டி கடைசியில்
வெங்காய மூட்டைக்கு அடியில் கிடைத்தது.
நைட் டியூட்டி முடித்து வந்த ஜெசிந்தா
கட்டு வெட்டும் கத்தரியால் டேப்பை வெட்டினாள்,
ஆபரேஷன் மாதிரி, யாரையும் தொடவிடாமல்.
மை வாசனையும் வெங்காய வாசனையும்.
லாரி ஏற்றும் மேடையில் வரிசையாக உட்கார்ந்து
ஆளுக்கொன்று பிரித்தோம்.

இருபது பக்கம் வரை யாரும் சிரிக்கவில்லை.
முப்பது.
பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்கப் பயம்.
துளசிராம் மட்டும் ஒரு புன்னகையை
முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தான்.
டீ ஆறுவதுபோல் அது ஆறிக்கொண்டிருந்தது.
முத்திருளாண்டி தொண்டையைச் செருமினான்,
ஒன்றும் சொல்லவில்லை.

விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை, பாவம்.

லோடுமேன் ஒச்சப்பன்
மூட்டையைத் தள்ளிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
ஒரு பக்கம். இன்னொன்று. நானே திருப்பினேன்.

"என்னப்பா, இந்த டின்னுக்கு இந்த விக்கு விக்குது?
யாரோ விடாம நெனைக்கிறாய்ங்க."

முத்திருளாண்டிக்கு டீ மூக்கு வழியாக வந்தது.
சிக்கந்தர் மேடையிலிருந்து நழுவி
கீழே உட்கார்ந்து சிரித்தான்.
ஜெசிந்தா கத்தரியைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்தாள்.
என்ன சொல்லிவிட்டோம் என்று
எங்களை மாறி மாறிப் பார்த்தார் ஒச்சப்பன்.

செல்லூரில் ஒருத்தன், எல்லீஸ் நகரில் ஒருத்தன்,
பெரியாஸ்பத்திரி வார்டில்
ராத்திரி மூன்று மணிக்கு ஒருத்தி.
பதினோரு வருஷம் நினைத்தால்
அது வேறென்ன செய்யும்?

நாற்பத்தொன்று காணாதே என்று
துளசிராம் மறுபடி முதலிலிருந்து
விரல் வைத்து எண்ணினான்.
நாற்பத்திரண்டு.
அட்டையில் இருப்பதை விட்டுவிட்டார் அந்த ஆள்.